காருக்குள் பூட்டுப்பட்ட கஞ்சி

தண்ணீரூற்று,
முல்லைத்தீவு.
நடுப்பத்து நோன்பு, வெள்ளிக்கிழமை.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய என் உடன்பிறந்த மூத்தவர் அசனார்லெப்பை காக்கா அவர்களுக்கு, தம்பி மீராசாகிபு எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் நாச்சியாவும் மகள் அஸ்மியாவும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்கிறோம். ஆடுகள் சுகம், கிணறு சுகம், கடை வியாபாரம் நோன்புக்கு ஏற்ற சுகம். கார் மட்டும் சுகமில்லை. புத்தளத்தில் நீங்களும் மதினியும் மகன் சியாமும் எந்தக் குறையுமின்றி இருக்க நாங்கள் ஐந்து நேரமும் துஆச் செய்கிறோம். நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்த செய்தியைச் சியாம் சொல்லித்தான் அறிந்தேன். நான் எடுத்தால் உங்கள் தொலைபேசி அடித்து அடித்து ஓய்கிறது. நாச்சியா எடுத்தாலும் அதே கதைதான். அதனால்தான் கடிதம். சீனி சுற்றிவரும் பேப்பரைக்கூட விரித்து வாசித்துவிட்டு எறிகிற ஆள் நீங்கள். எழுத்தைக் கண்டால் உங்களால் வாசிக்காமல் இருக்க முடியாது.

காக்கா, நீங்கள் கஞ்சி குடிக்கவா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தீர்கள்? என் வளவுக்குப் பக்கத்தில் இருக்கும் உங்கள் காணியை வைத்துக்கொள்வதா, விற்பதா என்று ஒரு முடிவு எடுக்க வந்தீர்கள். தொண்ணூறில் நம் சனத்தையெல்லாம் ஊரைவிட்டு வெளியேற்றிய பிறகு அந்த மண்ணில் நீங்கள் படுத்துறங்கவில்லை. நான் திரும்பி வந்து குடியேறிய நாள் முதல் அந்தக் காணியில் பற்றையை வெட்டுகிறேன், அது வளருகிறது, மறுபடி வெட்டுகிறேன். கிணற்றை இறைத்துத் துப்பரவாக்கினேன். வேலி போட்டேன். பெருநாள் கழிய என் காக்கா வந்து வீடு கட்டப் போகிறார் என்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்தேன். அப்படியிருக்க, நீங்கள் போகிற அன்று காலை பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு சொல் சொன்னீர்களே, “ஊருக்குத் திரும்பி வாங்கோ வாங்கோ எண்டு கூப்பிடுறாய் மீரா, உன்ர கார்க் கதவே உன்னைக் கண்டு திறக்குதில்லை” என்று, அதைக் கேட்டுக்கொண்டே உங்கள் பையை ஏற்றிவிட்டேன். பஸ் போன பிறகும் நான் அந்த இடத்திலேயே நின்றேன். அன்றைக்கு நடந்ததில் நீங்கள் கண்டது பாதி. மீதியை உங்களுக்குத் தெரியாமல் மறைத்தவன் நான். அதையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் கார். அந்தக் காரை நான் ஏன் வாங்கினேன் என்று ஊரில் யாரும் கேட்டால் வியாபாரத்துக்கு என்று சொல்வேன். உண்மை அதுவல்ல. நீங்கள் வாங்கினீர்கள், அதனால் வாங்கினேன். சுன்னத்துக் கல்யாணத்துக்கு உங்களுக்கு எடுத்த சாரத்தின் நிறத்திலேயே எனக்கும் வேண்டும் என்று நிலத்தில் உருண்டவன்தானே நான். அதே தரகர், அதே வெள்ளை, அதே ஜப்பான் கார், திறப்புக்கு அதே கறுப்பு றப்பர் உறை. அதைத் திறப்பு என்று சொல்வதே பிழை. சவர்க்காரத் துண்டு மாதிரி ஒரு சாமான். எந்தத் துவாரத்திலும் போடத் தேவையில்லை. சட்டைப் பையில் கிடந்தால் போதும், கதவில் கை வைத்ததும் கார் ஆளை அறிந்து திறக்கும். ஆளை அறிகிற காரில் போய் இறங்குவது ஒரு பெருமை, காக்கா. நீங்கள் மட்டும் என்ன? பஸ்ஸில் வந்தாலும், விட்டுவிட்டு வந்தால் சியாம் எடுத்து ஓட்டிவிடுவான் என்று உங்கள் கார்த் திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டல்லவா வந்தீர்கள்! அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைகளை நம்பலாம், அவர்கள் பிரேக் பிடிப்பதை நம்ப முடியாது.

காருக்குள் ஒரு ஜப்பான் பெண்பிள்ளை இருந்து பேசுவது உங்களுக்கும் தெரியும். உங்கள் காரிலும் பேசுவாள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் மரியாதையாக ஏதோ சொல்லுவாள். சலாம் சொல்கிறாள் என்று நினைத்து நானும் வஅலைக்கும் சொல்லிவிடுவேன். நோன்பு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னிருந்து அவள் ஒரு வசனம் கூடுதலாகப் பேசத் தொடங்கினாள். திரையில் ஒரு திறப்பின் படமும் மினுங்கி மினுங்கி மறைந்தது. பழகப் பழகக் கதை கூடுவது மனுசருக்கும் உள்ளதுதானே என்று விட்டுவிட்டேன். அது திறப்பின் பற்றரி முடியப் போகிறது என்ற எச்சரிக்கையாம். பிறகுதான் சொன்னார்கள். இதைக் கேட்டதும் நாச்சியா என்ன சொன்னாள் தெரியுமா? “ஒரு பொம்பிளை ஒவ்வொரு நாளும் ஒரே விசயத்தைச் சொல்லுறா, நீங்க விளங்காமலே ஓம் ஓம் எண்டிருக்கிறீங்க. எனக்கும் இந்த வீட்டில உதுதானே நடக்குது!”

இனிக் கஞ்சி. எங்கள் பள்ளிவாசலில் ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு குடும்பம் கஞ்சிக்குப் பொறுப்பு என்பது உங்களுக்குத் தெரியும். பொறுப்பு யாருடையதாக இருந்தாலும் காய்ச்சுவது பள்ளி வளவில்தான். அடுப்பு அங்கே இருக்கிறது, கிடாரம் அங்கே இருக்கிறது, விறகும் அங்கேயே இருக்கிறது. அதைக் குழப்பியவன் நான். என் நாள் வந்ததும், நீங்களும் வந்து நின்றதும், கஞ்சியை வீட்டில் காய்ச்சிக் காரில் கொண்டுவருவேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். வீட்டு ருசி என்றேன். ருசியாவது ஒன்றாவது! நீங்கள் முன் சீற்றில் இருக்க, கிடாரம் பின் சீற்றில் இருக்க, ஊர் பார்க்க நான் ஓட்டிப்போக வேண்டும். அவ்வளவுதான் ஆசை. நடந்தால் ஒரு வெற்றிலை மென்று முடிக்கும் முன் போய்ச்சேரும் தூரம். நாச்சியா சொன்னாள், “தூக்கிக்கொண்டு போனாலே இதுக்குள்ள போயிடலாம்.” நான் கேட்கவில்லை. கஞ்சி தளும்பும் என்று கிடாரத்தின் வாயை வாழையிலையால் மூடிக் கட்டி, ஈரச் சாக்கைச் சுற்றி, பேரீச்சம்பழப் பெட்டியையும் பக்கத்தில் வைத்து, மணப்பெண்ணைக் கூட்டிப்போவது போல மெல்ல ஓட்டி வந்து பள்ளி வாசலில் நிறுத்தினேன். இறங்கிப் பூட்டினேன். பீக் என்றது. நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. திறந்து மறுபடி பூட்டினேன். அப்போது பார்த்தீர்கள். அந்தக் கார் கடைசியாக என் சொல்லைக் கேட்டது அந்த இரண்டாவது பீக்கில்தான்.

பிறகு எல்லோரையும் போல மூக்குக்கண்ணாடி, தொலைபேசி, பையில் கிடந்த சாமான் எல்லாவற்றையும் தண்ணீர்த் தொட்டித் திண்டில் வைத்துவிட்டு, கை கால் முகம் கழுவி வுழூ எடுத்து, பின்னேர அஸர் தொழுதோம். தொழுகையில் பாதி மனம் என் செருப்பில்தான் இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். புதுச் செருப்பு. பள்ளியில் செருப்பு மாறுவது உலக வழக்கம். சலாம் கொடுத்ததும் முதலில் போய் அதைப் பார்த்தேன். இரண்டும் இருந்தன. அல்ஹம்துலில்லாஹ் என்று காலில் மாட்டிக்கொண்டு கஞ்சியை இறக்கப் போனேன்.

கதவில் கை வைத்தேன். கார் என்னை யார் என்று கேட்கிற மாதிரி இருந்தது. திறப்பை எடுத்து அமத்தினேன். சத்தமில்லை. கிட்டக் கொண்டுபோய் அமத்தினேன், எட்ட நின்று அமத்தினேன், பிஸ்மி சொல்லி அமத்தினேன். மற்றப் பக்கக் கதவுக்குப் போய் அது ஏதும் தெரியாத மாதிரி நின்று திடீரென்று அமத்தினேன். ஒன்றும் இல்லை. அப்போதுதான் பள்ளிக்கு எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் பரமலிங்கத்தார் வந்தார். அவரும் மனைவி இரஞ்சிதமும் நல்ல சனம், எங்களுக்குக் கை உதவி. விசயத்தைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். “மீரா நானா, பற்றரி செத்துப்போச்சு, வேறை ஒண்டுமில்லை. சண்டை நடந்து பற்றரிக்குத் தடை போட்ட காலத்திலயே சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட சனம் நாங்கள். உதெல்லாம் எங்களுக்கு ஒரு வேலையே? கழட்டி வெய்யிலில வையுங்கோ, உயிர் பிடிக்கும்.” பேச்சில் அவ்வளவு உறுதி. திறப்பைப் பிளந்தோம். பொட்டு மாதிரி ஒரு பற்றரி வந்தது. அதைக் கடையின் தகரக் கூரையில் காயப் போட்டோம். காகம் தூக்கிவிடும் என்று நான் பக்கத்தில் தடியோடு நின்றேன். புடவைக்கடை முதலாளி, நோன்பாளி, கையில் தடி. போகிறவர்கள் வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

பிளந்த திறப்புக்குள் ஒரு நல்ல செய்தியும் கிடந்தது. உண்மையான திறப்பு! இரும்பில், பல்லோடு, நாம் பிறந்ததிலிருந்து கண்ட திறப்பு மாதிரியே ஒரு குட்டித் திறப்பு ஒளிந்திருந்தது. பற்றரி செத்தால் கையால் திறக்க வைத்திருக்கிறார்கள். ஜப்பான்காரனின் புத்தியைப் பாராட்டிவிட்டுக் கதவில் போட்டேன். உள்ளே போனது, திரும்பவில்லை. போட்டு ஆட்டினேன். பரமலிங்கத்தார் ஆட்டினார். ஒருநாளும் பாவிக்காத பூட்டு, கறள் பிடித்திருக்கும் என்று இரஞ்சிதம் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார். எண்ணெய் கதவால் வடிந்து என் புதுச் செருப்பில் விழுந்தது. பூட்டு அசையவில்லை. வெய்யில் குடித்த பற்றரியைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். அதுவும் பயனில்லை.

அந்த நேரத்தில் நீங்கள் பள்ளிக்குள் குர்ஆனோடு இருந்தீர்கள். யன்னலால் எட்டிப் பார்த்து, “என்ன மீரா, சனம் கூடியிருக்கு?” என்று கேட்டீர்கள். “ஒண்டுமில்லை காக்கா, கஞ்சி கொஞ்சம் ஆறட்டும் எண்டு விட்டிருக்கிறன்” என்றேன். நோன்போடு சொன்ன பொய். அதற்கு வேறாக அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பாச் செய்துகொண்டிருக்கிறேன்.

பரமலிங்கத்தாரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு முள்ளியவளைச் சந்திக்கு ஓடினேன். அங்கே போன் திருத்தும் செந்தூரன் புதுப் பற்றரி போட்டான். அமத்தியதும், வெய்யிலில் நின்றபோது நான் கவனிக்காத ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம் திறப்பில் பளிச்சென்று எரிந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வியர்க்க வியர்க்கத் திரும்பி வந்து கார் முன்னால் நின்று அமத்தினேன். திறப்பு மினுங்குகிறது, கார் பேசாமல் நிற்கிறது. செந்தூரனுக்குப் போன் எடுத்தேன். “அண்ணை, திறப்புக்கு உயிர் வந்திட்டுது. இனி உங்கட காருக்குத்தான் காது கேக்கேல்லைப் போல” என்றான். ஏச வாய் வந்தது. நோன்பாளி ஏசக்கூடாது என்று விழுங்கிக்கொண்டேன்.

நோன்பு துறக்கும் மஹ்ரிபு நேரம் நெருங்கிவிட்டது. ஊர் முழுக்கக் கையில் கோப்பையோடு வந்து காரைச் சுற்றி நின்றது. உள்ளே கிடாரம். கஞ்சியின் ஆவி படிந்து கண்ணாடி எல்லாம் வெள்ளை. ஒரு சிறுசு விரலால் துடைத்துப் பார்க்க முயன்றது. ஆவி இருந்தது உள்ளே. பூட்டின இடுக்கால் இறைச்சியும் ரம்பை இலையும் சேர்ந்த வாசம் மட்டும் வெளியே வந்தது. பாங்கு சொல்லிவிட்டார்கள். மௌலவி, “தண்ணியில துறவுங்கோ, அதுவும் நபியவர்கள் காட்டின சுன்னத்துதான்” என்று எல்லோரையும் குழாயடிக்கு அனுப்பினார். பேரீச்சம்பழமும் காருக்குள்தான் என்பதை அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

இந்த இடத்தை நீங்கள் கண்டீர்கள், காக்கா. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் என் மனதில் குத்திக்கொண்டிருப்பது இதுதான். பரமலிங்கத்தாரும் இரஞ்சிதமும் பொழுதுபட விற்கச் சுட்டு வைத்திருந்த வடை அத்தனையையும் கண்ணாடிப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். கேத்தில் நிறைய பிளேன்ரீ. நீங்கள் பள்ளிப் படியில் இருந்து ஒரு வடையை எடுத்தீர்கள். இரஞ்சிதம் உங்களைப் பார்த்து, “மீரா நானாவின்ர பக்கத்துக் காணிக்காரர் நீங்கள்தானே? நானா சொல்லிக்கொண்டே இருப்பார். எப்ப வாறியள்?” என்று கேட்டார். நீங்கள் வடையை மென்றுகொண்டே உங்கள் காணி வேலி இருக்கும் பக்கம் பார்த்தீர்கள். உங்கள் முகத்தில் ஏதோ இளகியது. நான் கண்டேன். சின்ன வயதில் உம்மா சமைக்கும்போது குசினி வாசலில் இருந்து பார்ப்பீர்களே, அந்த முகம். ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள்.

அந்த நேரம் பார்த்து நான் கல்லை எடுத்தேன்.

என் அவசரப் புத்தியை என்னவென்று சொல்வது? உங்களுக்குக் கஞ்சி தராமல் விடக்கூடாது என்ற ஒரே வெறி. பின் சீற்றுப் பக்கம் இருக்கும் சின்னக் கண்ணாடியில் போட்டேன் ஒரு போடு. அது பொருபொருவென்று உதிர்ந்து வாழையிலையைக் கிழித்துக்கொண்டு கிடாரத்துக்குள் கொட்டியது. கையை விட்டுக் கதவைத் திறந்தேன். கார் கத்தத் தொடங்கியது. அத்தனை நேரம் வாயே திறக்காத கார், ஊரைக் கூட்டிக் கத்தியது. என்னைக் கள்ளன் என்று கத்தியது. மஹ்ரிபுத் தொழுகையும் அதன் சத்தத்தோடுதான் நடந்தது, இரவுத் தராவீஹும் அதோடுதான் தொடங்கியது. பரமலிங்கத்தார் எங்கோ தேடிக் குறடு கொண்டுவந்து பெரிய பற்றரியின் வயரைக் கழற்றும் வரைக்கும் அது அடங்கவில்லை. நீங்கள் இரஞ்சிதத்துக்குப் பதில் சொல்லவில்லை. எழும்பி உள்ளே போய்விட்டீர்கள்.

கண்ணாடித்தூள் விழுந்த கஞ்சியை ஆட்டுக்குக்கூட வைக்க முடியாது. பள்ளிப் பின்புறத் தென்னையடியில் கிடங்கு வெட்டிப் புதைத்தோம். ஊர் நோன்பாளிகளின் கஞ்சியைப் புதைத்த கை இது. நாச்சியா அழுதாள். என்னை நினைத்தல்ல, கஞ்சியை நினைத்து. யாரும் என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “பரவாயில்லை முதலாளி, அடுத்த வருசம் பாப்பம்” என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுப் போனார்கள். வெறுங் கோப்பைகளோடு போனார்கள். அதை நினைத்தால் இப்போதும் விடியமுன் ஸஹருக்குச் சோறு இறங்குதில்லை.

கார் இன்னும் பள்ளி வாசலில்தான் நிற்கிறது. ஓட்டைக்குத் தறப்பாள் கட்டியிருக்கிறேன். அதற்குள் ஒரு கோழி அடைக்கு இருக்கப் பார்க்கிறது. வவுனியாவில் இருந்து வந்த மின்வேலைக்காரர், திறப்பையும் காரையும் மாறி மாறிப் பார்த்து, “இதுகள் ரெண்டும் ஒண்டையொண்டு மறந்திட்டுதுகள், கொழும்பில புதுசு எடுக்கவேணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். எடுத்ததும் அதை விற்றுவிடப் போகிறேன். ஆளை அறிகிற காரும் வேண்டாம், அந்தப் பெருமையும் வேண்டாம்.

காணி விசயத்தில் இனி நான் வற்புறுத்த மாட்டேன். ஒரு கிடாரம் கஞ்சியைப் பள்ளிக்குப் பத்திரமாகக் கொண்டுபோகத் தெரியாதவனை நம்பி நீங்கள் ஒரு குடும்பத்தைக் கொண்டுவர முடியாது. நியாயம்தான். விற்பதென்றால் விற்றுவிடுங்கள். வாங்குகிறவர் நல்ல மனுசராக இருந்தால் போதும். கிணற்றில் தண்ணீர் ஊறிவிட்டது, நல்ல தண்ணீர், அதை மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள். எனக்குத்தான் வேலிக்கு அந்தப் பக்கம் உங்கள் செருமல் சத்தம் கேட்கும் என்று ஒரு நினைப்பு இருந்தது. பரவாயில்லை.

மதினிக்கு எங்கள் சலாம். சியாமுக்கு என் முத்தம். உங்கள் இரத்த அழுத்த மருந்தை நோன்பைச் சாட்டி விட்டுவிடாதீர்கள். அல்லாஹ் உங்கள் வீட்டு வாசலை நன்மைக்குத் திறந்தே வைப்பானாக. என் பிழைகளைப் பொறுத்து எனக்கும் துஆச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிவுள்ள தம்பி,
மீராசாகிபு

பி.கு.: கடிதத்தை ஒட்டி முடித்த நேரம் சியாம் போன் எடுத்தான். உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். “சாச்சா, வாப்பா வந்த நாளில இருந்து எங்கட காரைச் சுத்திச் சுத்தி நடக்கிறார். கதவு திறக்குதில்லை. பற்றரி செத்திட்டுதாம். உங்களிட்டச் சொல்ல வேணாம் எண்டவர்” என்றான். நான் மேசையில் கிடந்த திறப்பைப் பார்த்தேன். அதே கறுப்பு உறை. தண்ணீர்த் தொட்டித் திண்டில் அருகருகே வைத்தோமே, காக்கா! செருப்பைக் காத்தேன், திறப்பை விட்டேன். நான் வெய்யிலில் காயப்போட்டது உங்கள் பற்றரியை. எண்ணெய் ஊற்றித் திருகியது உங்கள் திறப்பை. அன்றைக்கு உங்கள் சட்டைப் பைக்குள் கை விட்டிருந்தால் கண்ணாடியும் உடைந்திராது, கஞ்சியும் மண்ணுக்குப் போயிராது. சாகக் கிடக்கிற பற்றரி இப்போது உங்கள் கையில், புதுப் பற்றரி போட்ட உங்கள் திறப்பு என் கையில். பள்ளிக்கு ஓடிப்போய் இதைச் சொன்னேன், மௌலவி ஒருவழியாகச் சிரித்து முடித்துவிட்டு, நோன்பின் கடைசிப் பத்தில் இன்னொரு கஞ்சி நாள் எனக்குத் தந்திருக்கிறார். பள்ளி வளவில்தான் காய்ச்ச வேண்டும் என்பது நிபந்தனை.

ஆகவே மேலே எழுதியதெல்லாம் வெட்டு. காணியை விற்க வேண்டாம். திறப்பைத் தபாலில் போட வேண்டாம், நானும் போட மாட்டேன். சியாம் இன்னொன்றும் சொன்னான். நீங்கள் மதினியிடம், “வடை தந்த அந்தப் பொம்பிளை எப்ப வாறியள் எண்டு கேட்டவா, நான் ஒரு மறுமொழி சொல்லாமல் எழும்பி வந்திட்டன்” என்று சொல்லிச் சொல்லி வருந்துகிறீர்களாம். அதை நேரில் வந்து அவரிடமே சொல்லுங்கள். பஸ்ஸில்தான் வர வேண்டும். உங்கள் கார்க் கதவே உங்களைக் கண்டு திறக்குதில்லையே, காக்கா.